நேராக நிற்காத கயிறு

கைப்பையைத் திறந்து நான் கயிற்றை வெளியே எடுத்தபோது அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். இத்தனை வருஷமாகப் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கத்தான் நான் இந்தப் பாடத்தை எடுத்திருக்கிறேன்.

தொழிலாளர் பிரச்சினைகளை விசாரிக்கும் ஓர் அலுவலகத்தின் மாடியறை அது. மேலே மின்விசிறி சுற்றுக்கு ஒரு தரம் முனகியது. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி, நரைத்த மீசை, களைத்த முகம். இந்தப் பக்கம் என் தம்பி அமலன், இரண்டு கைகளையும் தொடைமேல் கவிழ்த்து வைத்தபடி. அவனுக்கு அடுத்து கம்பெனியின் எஞ்சினியர், இளம் வயது, கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். எல்லாருக்கும் அப்பால், கதவோரக் கதிரையில், ரஃபீக்கின் மனைவி ஷஹீதா.

ரஃபீக் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கொழும்பில், கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தனியார் களஞ்சியத்தில், லொறியிலிருந்து ஒரு ஜெனரேட்டரைத் தூக்கி இறக்கும்போது கயிறு அறுந்து, அது அவன்மேல் விழுந்தது. கயிற்றைக் கட்டியவன் என் தம்பி. அதனால் ரஃபீக்கைக் கொன்றதும் என் தம்பிதான் என்று கம்பெனி சொன்னது. இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை. “கட்டியவரின் கவனக்குறைவு” என்று சொன்னது.

“மிஸ், மே மொக்கத?” இது என்ன என்று அதிகாரி கேட்டார்.

“லணுவக், சேர்,” என்றேன். கயிறுதான்.

எனக்குத் தெரிந்த சிங்களம் மீன்கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும். பௌதிகம் படிப்பிக்கப் போதாது. ஆனால் விசை என்றால் என்ன என்று அன்றைக்கு அந்த அறைக்கு நான் படிப்பித்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் என் தம்பி சாகும்வரை அந்த இரண்டு சொற்களோடுதான் நடமாட வேண்டும்.

முன்பின் தெரியாதவரின் முதுகு

வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் நான் முதல் டியூஷன் வகுப்புத் தொடங்கிய கதையைப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பழைய மாணவி ஒருத்தி ஹெவ்லொக் டவுனிலிருந்து போன் எடுத்தாள். “மிஸ், அந்தக் கயித்துப் பாடத்தை எழுதேல்லையே? அதுதானே விசேஷம்!” என்றாள். வகுப்பில் நான் காட்டும் வேடிக்கையைத்தான் சொல்கிறாள். அந்த வேடிக்கை எங்கே போய் முடிந்தது என்று அவளுக்குத் தெரியாது.

பாடப்புத்தகத்தில் விசை ஒரே வரியில் வந்து போய்விடும். தள்ளல் அல்லது இழுத்தல். பிள்ளைகள் அதைப் பாடமாக்கி, சோதனையில் எழுதி, புள்ளி வாங்கி, மறந்துவிடுவார்கள். எனக்கு அந்த வரியைக் கண்டாலே எரிச்சல்.

விசையை ஒருவரும் கண்டதில்லை. அது செய்யும் வேலையைத்தான் காண்கிறோம். காலி வீதியில் பஸ்காரன் சடாரென்று பிரேக் போடுகிறான், நின்றுகொண்டிருக்கிற நாங்கள் முன்னால் போய் முன்பின் தெரியாத ஒருவரின் முதுகில் விழுகிறோம். எங்களைத் தள்ளியது யார் என்று வகுப்பில் கேட்பேன். பஸ் என்பார்கள். டிரைவர் என்பார்கள். பின்னால் நின்ற ஆள் என்று ஒருத்தி கோபமாகச் சொல்லுவாள்.

ஒருவரும் தள்ளவில்லை. பஸ் நின்றது, நாங்கள் நிற்கவில்லை, அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்துவதற்குத்தான் விசை வேண்டும். அந்த விசையைத் தந்தது முன்னால் நின்ற அப்பாவியின் முதுகு. இதை விளங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு அன்றைக்குப் பஸ்ஸில் வீடு போவது புதிதாக இருக்கும்.

பிடிபடாத இடம் இன்னொன்று இருக்கிறது. ஒன்றும் அசையாத இடத்திலும் விசை உண்டு. மேசைமேல் புத்தகம் சும்மா கிடக்கிறதா? பூமி அதைக் கீழே இழுக்கிறது, மேசை மேலே தள்ளுகிறது, இரண்டும் சரிக்குச் சரி. அதனால் எங்கள் கண்ணுக்குச் சும்மா இருப்பதுபோலத் தெரிகிறது. சத்தம் கேட்காத வீடுகளும் இப்படித்தான் என்பேன். பெரிய பிள்ளைகள் சிரிப்பார்கள், சிலர் சிரிக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் கயிற்றை எடுப்பேன்.

எங்கள் தோட்டத்துக் கொடி

கயிற்றுப் பாடத்தை எந்தப் புத்தகத்திலிருந்தும் நான் எடுக்கவில்லை. அமலனும் நானும் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில். தோட்டம் என்றதும் மரஞ்செடியை நினைக்க வேண்டாம். ஒரு பொதுக் குழாயைச் சுற்றி முதுகோடு முதுகு ஒட்டிய வீட்டு வரிசைகளைக் கொழும்பில் அப்படித்தான் சொல்லுவோம். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எங்கள் வீட்டு அலுமாரியில் கோப்பைகள் நடுங்கும்.

எங்கள் சுவருக்கும் எதிர்வீட்டுச் சுவருக்கும் நடுவில் உடுப்புக் காயப்போடும் கொடி. அம்மா அதைத் தொய்யத் தொய்யக் கட்டுவா. ஈரப் போர்வையைப் போட்டால் நடுவில் வயிறு தள்ளி, நுனி நிலத்தில் தேயும். துறைமுகத்தில் வேலை முடிந்து வரும் அப்பாவுக்கு அதைக் கண்டால் ஆகாது.

“இதுவும் ஒரு கொடியா? சேறு துடைக்கவா கட்டி வச்சிருக்கிறாய்?” என்று ஒரு காலைச் சுவரில் ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்து, அடிமட்டம் வைத்த மாதிரி நேராகக் கட்டிவிடுவார். பார்க்க வடிவாகத்தான் இருக்கும். அடுத்த தரம் அவர் இடுப்பில் கட்டும் சாரம் ஒன்று ஈரத்தோடு ஏறியதும் ஆணி, சுண்ணாம்பு, அரைச் செங்கல் எல்லாம் கூட்டாக வெளியே வந்துவிடும். அம்மா சுத்தியலை எடுத்து அப்பாவின் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவா.

ஏன் இப்படி நடக்கிறது என்று கம்பஸ் போய்ப் பௌதிகம் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. சொன்னால் லேசான விஷயம். நடுவில் ஒரு பாரம் தொங்குகிறது. அதைத் தாங்க வேண்டுமென்றால் மேல்நோக்கி இழுக்க வேண்டும். கயிறு செங்குத்தாக நின்றால் அதன் இழுப்பு முழுவதும் மேலே போகிறது. கயிறு சாயச் சாய, கொஞ்சம்தான் மேலே போகிறது. மிச்சமெல்லாம் பக்கவாட்டில், சுவரைப் பிடுங்குவதற்குத்தான் செலவாகிறது. அந்தக் கொஞ்சத்தைக் கொண்டே பாரத்தைத் தாங்க வேண்டுமென்றால், கயிறு பல மடங்கு பலமாக இழுத்தாக வேண்டும். எவ்வளவு படுக்கிறதோ அவ்வளவு இழுப்பு.

வகுப்பில் இரண்டு தடியன்களை எழுப்பி, கயிற்றின் இரண்டு முனைகளையும் கொடுத்து, நடுவில் ஒரு தண்ணீர்க் கானைத் தொங்கவிட்டு, “எங்க, நேராக்குங்கோ பாப்பம்,” என்பேன். முகம் சிவக்கும், செருப்பு வழுக்கும், கான் நடுவில் நின்று தலையாட்டும். பாரம் தொங்கும் கயிறு ஒருநாளும் நேராக நிற்காது. உலகத்துப் பயில்வான்கள் எல்லாரும் வந்து இழுத்தாலும் நிற்காது.

அமலன் என் வகுப்பில் இருந்ததில்லை. அவன் படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு பாரம் தூக்கும் வேலைக்குப் போனபோது நான் கம்பஸில் இருந்தேன்.

ஒரு சாண்

ரஃபீக்கின் ஜனாஸா முடிந்து சில நாட்களில் அமலன் வெள்ளவத்தைக்கு என் வீட்டுக்கு வந்தான். பள்ளிவாசலுக்கு வெளியே, வீதிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டு வந்ததாகச் சொன்னான். உள்ளே போகக் கால் வரவில்லையாம். இருபது வயதிலிருந்து இருவரும் ஒன்றாகப் பாரம் தூக்கியவர்கள். நோன்புக் கஞ்சி இங்கே வரும், நத்தார் கேக் அங்கே போகும்.

குசினி மேசையில் உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தேன். அது ஆடை கட்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்.

களஞ்சியத்தின் கூரை பதிவு, உயரம் போதாது. உத்தரத்தில் ஒரு சங்கிலிக் கப்பி பூட்டியிருந்தது. ஜெனரேட்டரின் இரண்டு பக்கமும் கயிற்றைக் கட்டி, நடுவைக் கப்பியின் கொக்கியில் மாட்டித் தூக்க வேண்டும். தூக்கியதும் லொறி அடியால் வெளியே போகும், பிறகு ஜெனரேட்டரைத் தரையில் இறக்கலாம். முதலில் அமலன் நீட்டுக் கயிறுதான் போட்டான். கொக்கி உத்தரத்தை முட்டும்வரை ஏறிவிட்டது. ஜெனரேட்டரோ லொறிப் பலகையைத் தாண்ட இன்னும் ஒரு சாண் இருந்தது.

“சூப்பவைசர் வந்து கத்தினார். நான் வெளியில இருந்து கிரேன் எடுக்கச் சொன்னனான். காதில போடேல்ல. அப்பதான் ரஃபீக் சொன்னவன், ‘கயித்தைக் குட்டையாக்கு மச்சான், இறுக்கிக் கட்டு, குட்டைக் கயிறுதான் பலம்’ எண்டு. சூப்பவைசரும் தலையாட்டினார்.”

குட்டைக் கயிறு பலம். அந்த வேலைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். குட்டைக் கயிறு ஆடாது, இழுபடாது, பார்க்க உறுதியாக இருக்கும். தொய்வு என்றால் அவர்கள் கண்ணுக்குச் சோம்பேறித்தனம். எங்கள் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

“கட்டினன். நல்லாத்தான் ஏறிச்சு. பலகையையும் தாண்டிச்சு. ஆடாம இருக்க ரஃபீக் கையைக் குடுத்துப் பிடிச்சவன். பட் எண்டு ஒரு சத்தம் அக்கா. அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகுதான் அவன் என்னைக் கேட்க வந்த கேள்வி வந்தது.

“புதுக் கயிறு. அந்த மிசின் மாதிரி ரெண்டைத் தூக்கும். எப்படி அறுந்தது? நான்தான் எங்கயோ கூர் இரும்பில உரச விட்டிட்டனோ? கம்பெனியும் அதைத்தான் சொல்லுது. நித்திரை வருதில்ல. உரசினதா எண்டு யோசிச்சு யோசிச்சு விசர் பிடிக்குது.”

“கட்டினாப் பிறகு கொக்கிக்கும் மிசினுக்கும் நடுவில எவ்வளவு உயரம் இருந்தது?”

அவன் ஒரு கையை மேசைமேல் வைத்து, மற்றக் கையை அதற்குக் கொஞ்சம் மேலே பிடித்துக் காட்டினான். ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை நிற்கும் உயரம்கூட இல்லை. ஜெனரேட்டரோ ஒரு கட்டில் நீளம்.

எனக்கு உடனே விளங்கியது. கயிறு கிட்டத்தட்டப் படுத்தே கிடந்திருக்கிறது. இரண்டு ஜெனரேட்டர் அல்ல, நான்கைத் தாங்கும் கயிறாக இருந்தாலும் அது அறுந்திருக்கும். கூரும் இல்லை, உரசலும் இல்லை. உண்மையைச் சொல்லுகிறேன், அந்த நேரத்தில் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. கணக்குச் சரிவந்தால் வரும் அதே சந்தோஷம். என் தம்பி அழுதுகொண்டிருந்த மேசையில் அது வந்தது.

நூல்

அந்த மாடியறைக்குத் திரும்ப வருகிறேன்.

கயிற்றின் ஒரு முனையை அதிகாரியிடம் கொடுத்தேன். மறு முனையை எஞ்சினியரிடம் நீட்டினேன். அவர் எழும்பவில்லை.

“இந்த அம்மா என்ன, டியூஷன் நடத்த வந்திருக்கிறாவா?” என்று அதிகாரியைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்.

“ஓம் மகன், நடத்தத்தான் வந்திருக்கிறன். எழும்பு,” என்று தமிழிலேயே சொன்னேன். வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவர்களுக்குச் சொல்லும் குரல் அது. எழும்பினார். அந்தக் குரலுக்கு மொழி தேவையில்லை.

நடுவில் தண்ணீர்க் கானைத் தொங்கவிட்டேன். முதலில் இருவரையும், எனக்கு வந்த அரைகுறைச் சிங்களத்தில், கிட்டக் கிட்ட நிற்கச் சொன்னேன். கான் லேசாகத் தொங்கியது. “பாரமா சேர்?” “இல்லை.” “இப்ப ஒவ்வொரு அடியாகப் பின்னுக்குப் போங்க.” போகப் போக அதிகாரியின் மீசை இறுகியது. “அதே கான்தான் சேர். ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கூட்டேல்ல. இப்ப பாரமா?” அவர் தலையை ஆட்டினார். “நேராக்குங்க,” என்றேன். இருவரும் இழுத்தார்கள். எஞ்சினியருக்கு நல்ல தோள். கழுத்துப்பட்டி பக்கவாட்டில் போய்விட்டது. கான் நடுவில் தொய்ந்தபடியே நின்றது.

அதிகாரிக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. களைத்த முகத்தில் பள்ளிப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்தான். எனக்கு வென்றுவிட்டேன் என்று தோன்றியது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் கயிறு அறுந்து காட்ட வேண்டுமே. அதற்காக ஒரு தையல் நூலும் சின்னத் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோயிருந்தேன். போத்தலின் கழுத்தில் நூலைக் கோத்து, இரண்டு முனைகளையும் ஒன்றாகப் பிடித்துத் தூக்கினேன். “பாருங்க சேர், இந்த நூல் இதைத் தாங்குது. புது நூல். எந்தக் கூரிலும் உரசேல்ல.” பிறகு என் இரண்டு கைகளையும் மெல்ல மெல்ல அகற்றினேன். நூல் படுத்தது. விரலை வெட்டியது.

பட் என்றது. போத்தல் நிலத்தில் விழுந்து மூடி கழன்று, தண்ணீர் கதவுப் பக்கம் ஓடியது.

ஒரு சின்னப் போத்தல்தான். ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஷஹீதா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். தண்ணீர் அவள் செருப்பைத் தொட்டது. அவள் காலை இழுக்கவில்லை. விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரஃபீக் எப்படிச் செத்தான் என்று அவளுக்கு அதுவரை யாரும் காட்டியிருக்கவில்லை. நான் காட்டிவிட்டேன். பிள்ளைகள் கைதட்டும் இடம் அது.

ஒரு கேள்வி

அதிகாரி நிறைய நேரம் எழுதினார். கயிறு பழுதில்லை, கட்டு பழுதில்லை, கயிறு படுத்ததுதான் காரணம் என்று எஞ்சினியரும் ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. படித்த பிள்ளை, இனி மறுக்க முடியாது. நான் அமலனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தில் கிடந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அதிகாரி பேனாவை மூடாமலே கேட்டார். முதலில் நீட்டாகக் கட்டிய கயிற்றைக் குட்டையாக்கச் சொன்னது யார்?

இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. பாடம் முடிந்தால் மணி அடித்துவிடும் என்று பழகியவள் நான். ஆனாலும் பயப்படவில்லை. பதில் எனக்குத் தெரியும். ரஃபீக் சொன்னான், சூப்பவைசர் தலையாட்டினார். அமலன் அதைச் சொன்னால் போதும்.

அமலன் கதவோரக் கதிரையைப் பார்த்தான். ஷஹீதாவும் அவனைப் பார்த்தாள்.

“மமயி, சேர்,” என்றான். நான்தான்.

“வேறு யாராவது சொன்னார்களா? சூப்பவைசர்?”

“ஒருத்தரும் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன்.”

நான் எழும்பினேன். “தம்பி!” என்று கத்தியதாக நினைவு. அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். அன்றைக்கு அந்த அறையில் என்னை ஒருவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தரம்.

பஸ்ஸில்

வெள்ளவத்தை பஸ்ஸில் இடம் இல்லை. நின்றபடி, ஆட்கள் பார்க்கிறார்கள் என்ற வெட்கம்கூட இல்லாமல், அவனை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

“உனக்கு விசரா? உன்னை வெளியில எடுக்கத்தானே நான் இவ்வளவு பாடுபட்டனான்? ஏன் பொய் சொன்னாய்?”

“அவன்தான் சொன்னவன் எண்டு சொன்னா, செத்தவன்ட பிழை எண்டு எழுதிப்போடுவாங்கள் அக்கா. அந்தப் பிள்ளைகளுக்கு ஒண்டும் கிடைக்காது.”

“சூப்பவைசரை எண்டாலும் சொல்லியிருக்கலாமே!”

“சூப்பவைசரைச் சொன்னா, அவர் ரஃபீக்கைச் சொல்லுவார். எல்லாம் அங்கதான் போய் நிக்கும்.”

“அப்ப உனக்கு?”

“அவன் சொன்னது உண்மை. கட்டினது என்ர கைதானே.”

பஸ் கடலோரம் திரும்பாமல் காலி வீதியோடு இழுபட்டுப் போனது.

“அக்கா, நீட்டுக் கயிறு எண்டா அவன் இண்டைக்கு இருந்திருப்பான், என்ன?”

இத்தனை வருஷத்தில் பாடத்தில் ஒரு பிழையான விடை நான் சொன்னதில்லை. “நீட்டுக் கயித்தோட தூக்கியிருக்க ஏலாது. கூரை பதிவுதானே,” என்றேன். அதுவும் சரியான விடைதான்.

“அப்ப தூக்காம விட்டிருக்கலாம்,” என்றான்.

உரசியதோ இல்லையோ என்று தெரியாமல் நித்திரையில்லாமல் கிடந்தவனுக்கு, எந்த முடிச்சைக் கட்டியதால் ரஃபீக் செத்தான் என்று நான் நிரூபித்துக் காட்டியிருக்கிறேன். சந்தேகத்தை எடுத்துவிட்டு நிச்சயத்தைக் கொடுத்தேன். சந்தேகமாகவே இருந்திருந்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அவன் தன்னை மன்னித்திருப்பான்.

பஸ் பிரேக் போட்டது. அவன் கம்பியைப் பிடித்திருக்கவில்லை. என் முதுகில் வந்து முட்டி நின்றான்.

கொம்பனித்தெரு

ஷஹீதாவுக்கு நட்டஈடு கிடைத்தது. அமலனுக்கு வேலை போனது. போதாததற்குப் பொலிஸ் வழக்கும் வந்தது, கவனமில்லாமல் ஒரு மரணத்துக்குக் காரணமானான் என்று. கடைசியில் அவன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒத்துக்கொண்டான். ஒத்திவைத்த சிறை, உள்ளே போக வேண்டி வரவில்லை. இப்போது கல்கிசையில் ஓர் அடுக்குமாடிக்குக் காவல் இருக்கிறான். மேலே ஏதாவது தூக்குகிறார்கள் என்றால் எழும்பிப் போய்விடுவான் என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள்.

இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுத அமலன் சம்மதிக்கச் சில வருஷம் எடுத்தது. ஷஹீதாவையும் கேட்டேன். “எழுதுங்க டீச்சர், புள்ளைகள் பெரிசாகிட்டாங்க,” என்றாள்.

நான் சொல்ல வந்தது வழக்குக்கு முந்திய கிழமை நடந்தது. அமலனுக்குத் தெரியாமல் ஷஹீதாவைத் தேடிக் கொம்பனித்தெருவுக்குப் போனேன். மனதில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். உங்களுக்குக் கிடைக்கவேண்டியது கிடைத்துவிட்டது, இனி உண்மையைச் சொன்னால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. குட்டைக் கயிறு கட்டுவது உங்கள் புருஷனின் பழக்கம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீதிமன்றத்துக்கு வந்து அதை மட்டும் சொல்லுங்கள், என் தம்பியை விட்டுவிடுவார்கள். கெஞ்சுவதா, கோபப்படுவதா என்பதைத்தான் முடிவு செய்திருக்கவில்லை.

பழைய ஒழுங்கை, ஒடுங்கிய சந்து. பின்னால் கண்ணாடி மாடிகள் எழும்பி வெயிலை மறைத்துக்கொண்டிருந்தன. ஷஹீதா என்னைக் கண்டு திடுக்கிட்டாள். கதிரையைத் துடைத்துப் போட்டாள். பிளேன்டீ கொண்டுவந்தாள். ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. நானும் தொடங்கவில்லை. வாசலில் இருந்தபடி வெளியே பார்த்தேன்.

ஒழுங்கைக்குக் குறுக்கே ஒரு கொடி. ஒரு பக்கம் அவர்கள் சுவரில் ஆணி, மறு பக்கம் எதிர்வீட்டு யன்னல் கம்பி. கொஞ்சமும் தொய்வில்லை. எங்கள் அப்பா கட்டியதுபோல நேர்கோடு. ஆணியைச் சுற்றிச் சுண்ணாம்பு வெடித்திருந்தது. கொடியில் ஒரு சோடி சின்னக் காலுறை, ஒரு கைக்குட்டை, பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டி. பெட்ஷீட்டும் சேலையும் கதிரைமேலும் மதில்மேலும் ஈரமாக மடிந்து கிடந்தன.

தொழில் வியாதி, வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏன் ஷஹீதா, கொடி இருக்கேக்க பெட்ஷீட்டைக் கதிரையில போட்டிருக்கிறீங்க?”

அவள் கொடியைப் பார்த்தாள்.

“அது அவர் கட்டின கொடி, டீச்சர். அவருக்கு எதையும் இழுத்து இறுக்கித்தான் கட்டோணும். தொங்கினா புடிக்காது. எத்தனை தரம் ஆணி களண்டு வந்தாலும் அப்படித்தான் கட்டுவார். குட்டையா, இறுக்கமா.” கதிரைமேல் கிடந்த பெட்ஷீட்டைத் திருப்பிப் போட்டாள். “நீங்க அந்த நூலைக் காட்டினதுக்குப் பொறகு நான் பாரமா ஒண்டும் போடுறல்ல.”

“தொய்ய விட்டுக் கட்டினா எல்லாம் போடலாமே.”

“கட்டலாம்தான். அவர்ட முடிச்சு. அவிழ்க்க மனசு வரல்ல.”

பிறகு, என் கோப்பையைப் பார்த்தபடி, மெல்லச் சொன்னாள். “அமலன் அண்ணனுக்கு ஸலாம் செல்லுங்க டீச்சர்.”

அவளுக்குத் தெரியும், குட்டையாக்கச் சொன்னது ரஃபீக்தான் என்று. அந்த அறையில், தம்பி வாய் திறப்பதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அவனைப் பார்த்திருக்கிறாள். இத்தனை மாதமும் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே உடுப்புக் காயப்போட்டிருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. கேட்க வந்ததைக் கேட்கவில்லை. தேத்தண்ணீரைக் குடித்து முடித்தேன். வெளியே வரும்போது கொடிக்குக் கீழே நன்றாகக் குனிந்து, தலைமயிர்கூடப் படாமல் போனேன். அவ்வளவு இறுக்கிக் கட்டிய கொடியில் ஒரு விரல் பட்டாலும் அந்த ஆணி தாங்காது.